காத்தாடி இல்லாத பெட்டி

அக்டோபர் 13, திங்கள்

தீக்குச்சி மெஷினை ஓட்டுகிற புதுக் கம்ப்யூட்டர் பெட்டியை இன்று மாட்டிவிட்டேன். பழைய கம்ப்யூட்டரை இறக்கித் திறந்தால், அதன் காத்தாடியில் மெழுகும் மருந்துத் தூளும் சேர்ந்து சாணி தட்டினதுபோல அப்பிக் கிடக்கிறது. தீப்பெட்டி ஆபீசுக்குள் தூளை உறிஞ்சுகிற காத்தாடியை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம். ஆண்டவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

புதுசுக்குக் காத்தாடியே கிடையாது. ஓட்டை கிடையாது, சத்தம் கிடையாது. ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு. உடம்பு முழுக்க அலுமினிய வரி. பேனலுக்குப் பின்னால், சுவரோரம், மார்பளவு உயரத்தில் பொருத்தினேன். மேனேஜர் ஞானதுரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பூரணம், காத்தாடி இல்லாம எப்படிம்மா தாங்கும்? மனுஷனே தாங்கலயே."

"மனுஷனுக்குத் தோலு மெல்லிசு சார். இது உள்ள இருக்கிற சூட்டை உடம்பு வழியாவே வெளிய தள்ளிரும்."

பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்து, "எக்கா, காய்ச்சல் கண்ட மாதிரி சுடுது" என்றார்கள். அப்படித்தான் சுடும், பயப்படாதீர்கள் என்றேன். இதற்கு ஒரு பண்டுவமும் வேண்டாம், துடைக்க வேண்டாம், திறக்க வேண்டாம், மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். செல்லக்கனி, "இப்படி ஒரு மாப்பிள்ளை கெடைச்சாத் தேவலை" என்றாள். சொல்லிவிட்டு என் தம்பி கொம்பையாவைப் பார்த்தாள். அவன் மெஷின் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறவன்போலக் குனிந்துகொண்டான். இவர்கள் சங்கதி ஆபீஸ் முழுக்கத் தெரியும். செல்லக்கனியின் அப்பாவுக்கும் தெரியும், அதுதான் தொந்தரவு. பெண் கேட்டுப் போன என்னை வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பினவர். நாங்கள் வேறு ஆட்களாம்.

எழுதி வைக்கிறேன்: பெட்டி எப்போதாவது உறைந்து நின்றால், குச்சி முக்குகிற மெழுகுத் தொட்டியின் ஹீட்டர் கடைசியாகக் கேட்ட சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் சூடு ஏறினால் தானாக அணைக்கிற மாதிரி தனியாக ஒரு கட்-அவுட் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவர் பாஷையில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

அக்டோபர் 18, சனி

மழை பிடித்துவிட்டது. கொம்பையா காலை ஷிப்டுக்கு விடியுமுன்பே பைக்கில் போகிறான். மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தது ஆணியில் தொங்குகிறது. அதைப் போட்டால் பூம்பூம் மாட்டுக்காரன் மாதிரி இருக்கிறதாம். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். இருபத்தெட்டு வயதுக் கழுதைக்கு எத்தனை தடவை சொல்வது.

ரேஷன் பாமாயில் வாங்க வேண்டும். கூரை ஒழுகும் இடத்தில் அண்டா வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

பெட்டி இன்று நின்றுபோனது.

நான் பட்டறையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். செல்லக்கனி ஓடி வந்து, "எக்கா, ஸ்கிரீன்ல நம்பர் அசையாம நிக்கி" என்றாள். ஆள் இருந்தால் எக்கா, ஆள் இல்லாவிட்டால் மதினி, விவரமான பிள்ளை. மழையில் நனைந்துகொண்டே ஓடினேன். மெழுகுச் சூடு, சங்கிலி வேகம், எல்லா எண்ணும் படம் பிடித்த மாதிரி உறைந்திருந்தது. நல்ல வேளை, அந்த நேரம் ஹீட்டர் அணைந்த நிலையில் இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டேன். வழக்கத்தைவிடச் சூடாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

என் தலையிலிருந்து தண்ணீர் பேனல்மேல் சொட்டியது. கொம்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்து, "இந்தா எக்கா, மொதல்ல தலையத் தொவட்டு. பொறவு ரிப்பேர் பாக்கலாம்" என்றான். துண்டு காய்ந்து வெதுவெதுவென்று இருந்தது, சுகமாக இருந்தது. சண்டைக்காரப் பயல் என்றாலும் அக்காமேல் பிரியம்தான்.

காரணம் பிடிபடவில்லை. ஈரக்காற்றாக இருக்கும்.

அக்டோபர் 29, புதன்

மறுபடியும். இதே காலை ஷிப்டு, இதே மழை. விற்றவனுக்குக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டால், "மேடம், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்கிறான். பெட்டி அழகாகத்தான் இருக்கிறது, போட்டோவில் என்ன தெரியும்.

மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பழசு அழுக்கா இருந்தாலும் ஓடிச்சு" என்று யாரிடமோ சொல்வதுபோல என்னிடம் சொன்னார். வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனோ.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று தீப்பிடித்துவிட்டது.

பெட்டி உறைந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. ஸ்கிரீனில் நல்ல எண்ணாகவே நின்றிருக்கிறது. ஹீட்டர் இந்தத் தடவை எரிகிற நிலையில் நின்றுவிட்டது. மெழுகு கொதித்துக் கொதித்துப் புகைந்து, செல்லக்கனி என்ன வாடை என்று தொட்டிமேல் குனிந்து பார்த்த நேரம் பற்றிக்கொண்டது.

நான் போய்ச் சேரும்போது கொம்பையா அவளைத் தரையில் போட்டுத் துண்டால் சுற்றி அமுக்கிக்கொண்டிருந்தான். அவன் புறங்கை வெந்திருக்கிறது, அது அவனுக்குத் தெரியவேயில்லை. செல்லக்கனிக்கு இரண்டு கை, கழுத்து, வலது கன்னம். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது அவள் அழவில்லை. "மதினி, மெழுகு கொட்டிருச்சா?" என்று கேட்டாள், இத்தனை பேர் நிற்கையில்.

நவம்பர் 5, புதன்

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். செல்லக்கனியின் அப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை.

"குடுக்கலைன்னதும் கொளுத்திட்டான்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு இல்லாதது எவனுக்கும் இல்லைன்னு எம் பிள்ளையக் கொளுத்திட்டான்."

கொம்பையா கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். நான்தான், "அணைச்சவனே அவன்தான், மாமா" என்றேன். "அவன் துண்டைப் போட்டு அமுக்கினதை நாலு பேரு பாத்திருக்காக. அணைச்சானோ, அமுக்கினானோ" என்றார். பெற்ற மனசு பேசுகிறது என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

கொம்பையாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். பெட்டி நின்றதெல்லாம் அவன் ஷிப்டில்தான், அவன் கை வைக்காமல் நிற்காது என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். செல்லக்கனியின் அப்பா போலீசில் புகார் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். கம்பெனி விசாரணையில் என்ன வருகிறதோ அதைப் பார்த்துவிட்டு, விபத்தா கொலை முயற்சியா என்று முடிவு செய்வாராம். விசாரணை இருபத்தொன்றாம் தேதி.

மேனேஜருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியும். இது ஒருத்தன் வேண்டுமென்று செய்தது என்று ஆகிவிட்டால், கட்-அவுட் ஏன் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மெஷினைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். பெட்டியைக் கழற்றிப் பரிசோதித்து நானே திரும்ப மாட்டினேன். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா சாகும்போது இவனைத்தான் என் கையில் கொடுத்தாள். கட்டினவன் வீட்டைவிட்டு நான் திரும்பி வந்தபோது, ஊரே ஏன் வந்தாய் என்று கேட்டது. இவன் மட்டும், "சாப்ட்டியா எக்கா" என்று கேட்டான். அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம். எனக்கு வேறு ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

நவம்பர் 12, புதன்

இத்தனை நாளும் ஒரு தடவைகூடப் பெட்டி நிற்கவில்லை. மழை அதே மழை. ஈரமும் அதே ஈரம். கொம்பையா மட்டும் இல்லை.

எர்த்தைச் சோதித்தேன். வயரெல்லாம் மாற்றினேன். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற சப்ளையை மாற்றினேன். எல்லாத் திருகையும் முறுக்கிப் பார்த்தேன். என் வேலையில் லூஸ் இருக்காது, இருந்தாலும் பார்த்தேன். ஒன்றுமில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருக்கிறது. பேக்கிங்கில் இருக்கிற பெண்கள் நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். மேனேஜர் என் பின்னால் வந்து நின்று, "என்ன பூரணம், ஆளு போனதும் பெட்டிக்கு நோவு தீந்துருச்சு போல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"லே, உண்மையச் சொல்லு. அவுக அப்பா மேல உள்ள கோவத்துல எதையாச்சும் நோண்டினியா? மெஷின் நிக்கட்டும்னு எதுவும் செஞ்சியா?"

சோற்றில் கை வைத்தவன் அப்படியே இருந்தான். "நீயுமா எக்கா?" என்றான். தட்டை நகர்த்திவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டேன். ஆனால் கேட்காமல் எப்படி இருப்பது. பெட்டி நிற்கவில்லையே.

நவம்பர் 14, வெள்ளி

இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ரசம் வைத்தேன். அவன் தொடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வக்கீல் ஒருத்தரைப் பார்த்தோம். "காரணம் என்னன்னு காட்டினா இவரு பொழச்சாரு. இல்லைன்னா கஷ்டம்மா" என்றார். அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன் ஐயா. சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்குக் குறைவு. இன்று கோயில் வாசலில் நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். மனசு ஓடுகிற வேகத்துக்குப் பேனா ஓடவில்லை.

காலையில் பஸ்ஸை விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் தொங்கிக்கொண்டு போனதில் ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டேன். குளிர் எலும்பைத் தொட்டது. யாரும் கண்ணில் படக் கூடாது என்று பேனலுக்குப் பின்னால் போய் நின்றேன். பெட்டி அங்கே கதகதவென்று இருந்தது. அதன்மேல் கையை வைத்துக் குளிர் காய்ந்தேன். ஈர ஷாலைப் பிழிந்து அதன்மேல் போட்டேன். நினைத்துப் போடவில்லை, கை தானாகப் போட்டது. இந்தப் பக்கம் நம் ஜனங்களுக்குச் சூடான இரும்பைக் கண்டால் ஒன்று துணி காயப்போடத் தோன்றும், இல்லாவிட்டால் தூக்குச்சட்டியை வைக்கத் தோன்றும். அப்புறம் கன்வேயர் பெல்ட் அறுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். ஷாலை மறந்தே போனேன்.

திரும்பி வந்தபோது ஸ்கிரீனில் எண்கள் உறைந்து நின்றன.

ஓடிப்போய் ஹீட்டரை அணைத்துவிட்டு, பேனலுக்குப் பின்னால் போனேன். ஷால் மொறுமொறுவென்று காய்ந்து பெட்டியைப் போர்த்திக் கிடந்தது. எடுத்துவிட்டுத் தொட்டேன், விரல் கொப்பளித்துவிட்டது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. துணி ஈரமாக இருக்கிற வரைக்கும் பெட்டியைக் குளிர வைக்கும். காய்ந்ததோ, கம்பளி போர்த்தின மாதிரி மூச்சை அடைத்துவிடும். காத்தாடி உள்ள பெட்டி என்றால் எங்கிருந்தாவது காற்றை இழுத்துக்கொள்ளும். இதற்கு அந்த வரிகள்தான் மூக்கு, வாய் எல்லாம். ஷாலை ஒளித்துவிட்டு, பெட்டி ஆறினதும் ஓட்டிவிட்டேன். மெஷின் நின்றதற்குப் பெல்ட் அறுந்ததைச் சாக்காகச் சொன்னேன்.

கொம்பையாவின் துண்டு. காலையில் தலையில் கட்டிப் போகிற துண்டு. நான் நனைந்து நின்றபோது வெதுவெதுவென்று தோளில் இருந்த துண்டு. மழைக்காலம், அவன் ஷிப்டு, காய்ந்ததும் எடுத்துக்கொண்டுவிடுவான், அதனால் ஓடி வருகிற யார் கண்ணிலும் அது படவில்லை. அவன் செய்யவில்லை. வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. துண்டு காயப்போட்டிருக்கிறான், அவ்வளவுதான். அதற்குப் போய் உள்ளே வைப்பார்களா.

பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நவம்பர் 19, புதன்

நேற்று அவன் தூங்கிவிட்டான். இன்று காலையில் சொன்னேன். துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன், ஏன் சந்தேகப்பட்டாய் என்று ஒரு வாரக் கோபத்தையும் கொட்டுவான் என்று நினைத்தேன். அவன் முகம் சுருங்கிப் போனது.

"பெட்டி மேல துண்டு கெடந்தா நின்னுருமா?" என்றான்.

"நின்னுரும். என் கண்ணால பாத்தேன்."

"அன்னைக்கு அது மேலருந்துதான் துண்டை உருவி அவளைச் சுத்தினேன்" என்றான். பிறகு அம்மி மேல் உட்கார்ந்து வாசலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கே அப்போதுதான் உறைத்தது. தன் துண்டுதான் அவளை எரித்தது என்று இனி ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பானே. சந்தோஷத்தில் இதை யோசிக்காமல் போனேன்.

"தெரியாமச் செஞ்சதுக்கு யாரும் தூக்குல போட மாட்டாகடா" என்றேன்.

"எக்கா, இதை யாருட்டயும் சொல்லாத."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"சொல்லாத. வெள்ளிக்கிழமை நானே செஞ்சேன்னு எழுதிக் குடுத்துருதேன். உள்ள போய்ட்டு வாரேன். துண்டு சமாச்சாரம் மட்டும் வெளிய வரக் கூடாது."

கத்தினேன். கெஞ்சினேன். தலையில் அடித்துக்கொண்டேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறான். வெட்கமா, குற்ற உணர்ச்சியா, ஒன்றும் விளங்கவில்லை. ஜெயிலுக்குப் போகிறேன் என்று சந்தைக்குப் போகிற மாதிரி சொல்கிறான். நாளைக்குச் செல்லக்கனியிடமே போகிறேன். இவன் தினமும் துண்டு காயப்போடுவான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நவம்பர் 20, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் அப்பா சாப்பிடப் போகிற நேரம் பார்த்து உள்ளே போனேன். வார்டில் கொசுவலைக் கூண்டுக்குள் செல்லக்கனி படுத்திருந்தாள். ஒரு கண்ணும் நெற்றியும் அரைவாயும்தான் வெளியே தெரிந்தன. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள், கன்னம் விடவில்லை.

"மதினி, அவரு கை ஆறிருச்சா?"

ஆறிவிட்டது என்றேன். சாப்பிடுகிறாயா என்றால், இறங்கவில்லை என்றாள். கஞ்சி அப்படியே இருந்தது. தூக்கமும் இல்லையாம்.

"கண்ண மூடினா அதே நெனப்புதான் மதினி. நான் எதைத் தப்பாச் செஞ்சேன்னு. வால்வைக் கூடத் தொறந்துட்டேனா? ஸ்கிரீனைச் சரியாப் பாக்கலையா? தொட்டிப் பக்கம் என் பொறுப்புதான. நான் என்னமோ செஞ்சிருக்கேன், என்னன்னுதான் தெரியல. தெரிஞ்சுட்டா இந்த மூஞ்சியோட இருக்கவே மாட்டேன்."

நீ ஒன்றும் செய்யவில்லை தாயி என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தை மெல்ல எடுத்தேன். மழையில் நனைந்து வருவானே கொம்பையா, துண்டை எங்கே போடுவான் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அவரா? வந்ததும் சுருட்டி என் மேல எறிவாரு" என்றாள். அந்த ஒற்றைக் கண்ணில் வெளிச்சம் வந்தது. "நான்தான் பிழிஞ்சு, உங்க பெட்டி இருக்கே, அது மேல விரிப்பேன். காத்துல பறந்துரக் கூடாதுன்னு ஓரத்தை அந்த வரிக்குள்ள நல்லாச் சொருகி விடுவேன். டீ நேரத்துக்குள்ள அப்பளமாக் காஞ்சிரும். எடுத்து அவரு தோள்ல போட்டுருவேன். கல்யாணமா நடக்கப் போவுது, இதாச்சும் செய்வோம்னு."

கொசுவலையை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஏன் மதினி கேக்கீங்க?"

"சும்மாதான். அவன் துண்டு ஒண்ணைக் காணோம்னு தேடிட்டிருந்தான்."

"அன்னைக்குப் போட்ட துண்டு கருகிப் போயிருக்கும்" என்றாள். கஞ்சியை எடுத்து ஊட்டப் பார்த்தேன். இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை.

பஸ்ஸில் கயத்தாறு வருகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கழுதை ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்று இப்போது தெரிகிறது. சொன்னால் இவன் பிழைப்பான், அவள் செத்துப்போவாள். சொல்லாவிட்டால் அவள் பிழைப்பாள், இவனை வாரிக் கொடுக்க வேண்டும். பெட்டிக்கு ஒரு பண்டுவமும் வேண்டாம், மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று அவளுக்குச் சொன்னது யார்.

அடுப்புப் பற்றவைக்கவில்லை. கொம்பையா எதிரில் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான். "போயிட்டு வந்துட்டியா?" என்றான். ஆமாம் என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

விசாரணை நடத்தக் கம்பெனி வைத்த வக்கீல் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் செல்லக்கனியின் அப்பா. கொம்பையா சட்டைப்பைக்குள் மடித்த காகிதத்தோடு வந்திருந்தான். அவனைக் கூப்பிடுமுன் நான் எழுந்து நின்றேன்.

"சார், பெட்டி நின்னதுக்கு நான்தான் காரணம்."

கொம்பையா, "எக்கா" என்று எழுந்தான். "உக்காருலே" என்றேன். சின்ன வயதில் சோறு ஊட்டும்போது சொல்கிற குரலில் வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டான்.

பெட்டிக்குக் கரண்ட் போகிற வயரை மாட்டும்போது திருகைச் சரியாக முறுக்கவில்லை என்றேன். மழையில் காலை ஷிப்டில் மெஷின் அதிர்கிற அதிர்வில் அது விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது, அதனால்தான் பெட்டி உறைந்தது என்றேன். விபத்துக்கு அப்புறம் பார்த்தேன், பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் முறுக்கிவிட்டேன், அதற்கப்புறம் நிற்கவில்லை என்றேன். பொய் எண்ணெய் விட்ட சங்கிலி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இத்தனை நாள் ஏம்மா சொல்லலை? உங்க சொந்தத் தம்பி மேல பழி விழுந்திருக்கு" என்றார் வக்கீல்.

"வேலை போயிரும்னு பயம் சார்."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவரிடம் இத்தனை வருஷம் நிமிர்ந்து பேசிய ஒரே பொம்பளை நான்தான், என் வேலையை வைத்துத்தான் நிமிர்ந்தேன். தனியாக ஒரு கட்-அவுட் இருந்திருந்தால் பெட்டி நின்றாலும் இது நடந்திருக்காது, கேட்டேன், தரவில்லை என்று அதையும் சொன்னேன். வக்கீல் பேனாவை எடுக்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன். கொம்பையாமேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். வெளியே வரும்போது செல்லக்கனியின் அப்பா வழி மறித்தார். அடித்துவிட்டார். கன்னத்தில் ஒன்றுதான். கொம்பையா பாய்ந்தான், அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 22, சனி

கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். போலீஸ் கவனக்குறைவு என்று என்மேல் எழுதியிருக்கிறது, கூப்பிடும்போது வர வேண்டுமாம். போகுமுன் பெட்டிக்கு மேலே, அதைத் தொடாமல், சரிவாக ஒரு கம்பி வலை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன்மேல் எதைப் போட்டாலும் வழுக்கிக் கீழே விழும். என் இடத்துக்கு வந்திருக்கிற பையன், "இது எதுக்குக்கா?" என்றான். அதுக்கு மூச்சு விட இடம் வேணும், வரியெல்லாம் காத்துப் படணும், வேற ஒண்ணுமில்லை என்றேன்.

நான் மாட்டின பேனலை அவன் ஒவ்வொரு திருகாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். லூஸாக ஒன்றும் கிடைத்திருக்காது. கிடைத்ததாக நினைத்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 27, வியாழன்

மழை விட்டிருக்கிறது. அண்டாவைக் கவிழ்த்து வைத்தேன். எலக்ட்ரிகல் கடை ஒன்றில் வேலை கேட்டேன். விஷயம் கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது, முதலாளி அப்புறம் சொல்கிறேன் என்றார்.

கொம்பையா திருநெல்வேலி போய்விட்டு வந்தான். அவள் அப்பா இந்தத் தடவை உள்ளே விட்டாராம். அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாராம். வந்து வாசல்படியில் உட்கார்ந்தவன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"என்ன சொன்னா?" என்றேன்.

சொல்ல மாட்டேன் என்றான். நான் விடவில்லை.

"உங்கக்காவுக்கு ஒரு திருகு முறுக்கத் தெரியலையான்னு கேட்டா. அவுக மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன், கல்யாணம்னு ஒண்ணு நடந்தா அவுக வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னா." என் கையைப் பிடித்துக்கொண்டான். "எக்கா, நான் சொல்லிருதேன். எனக்குத் தாங்க முடியல. உண்மையச் சொல்லிருதேன்."

"சொன்னேன்னா உன்னையக் கொன்னே போட்ருவேன். சாப்ட்டாளா?"

"என்ன?"

"அவ சாப்ட்டாளான்னு கேட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சாப்ட்டா. உன்னை ஏசிக்கிட்டே ஒரு தம்ளர் கஞ்சியையும் குடிச்சுட்டா. ரெண்டு நாளா ராத்திரி நல்லாத் தூங்குதாளாம், நர்ஸம்மா சொன்னாக" என்றான்.